62இலிருந்து 1 வரை: ‘ரெட் ரெட் வைன்’ வந்த வழி

62, 36, 46, 1, 34, 1.

ஒரே பாட்டு வெவ்வேறு காலங்களில் இசைத் தரவரிசைப் பட்டியல்களில் எட்டிய இடங்கள் இவை. 1968இல் அமெரிக்காவில் 62. அதே ஆண்டு பிரிட்டனில் வேறொருவர் குரலில் 36. மறு வருடம் மூன்றாவது ஒருவர் குரலில் 46. 1983இல் யூபி40 என்ற பர்மிங்காம் குழு அதை ஜமைக்க இசை வகையான ரெகேயாகப் பாடி பிரிட்டனில் முதலிடம். 1984இல் அமெரிக்காவில் 34. அப்புறம் நான்கு வருடம் பேச்சுமூச்சில்லை. 1988 அக்டோபரில் அமெரிக்காவிலும் முதலிடம்.

கடைசி மூன்று எண்களும் ஒரே குழுவின் ஒரே பதிவுக்குக் கிடைத்தவை. அதே குரல், அதே பேஸ் கிட்டார், அதே தாளம். ஒரு நாட்டில் உச்சிக்குப் போன பதிவு இன்னொரு நாட்டில் 34இல் ஏன் நின்றது? நின்றதை நான்கு வருடம் கழித்து யார் கிளப்பிவிட்டார்கள்? பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. பாட்டு போன பாதையைப் பார்க்க வேண்டும்.

பாட்டை எழுதியவர் நீல் டைமண்ட். நியூயார்க்கின் புரூக்ளினில் 1941இல் பிறந்தவர். பிறருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் எழுத்தாளராகத்தான் தொடங்கினார். மங்கீஸ் குழுவுக்கு அவர் எழுதிக் கொடுத்த ‘ஐம் எ பிலீவர்’ 1966 இறுதியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ‘ரெட் ரெட் வைன்’ அவரே பாடியது. 1967இல் பேங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘ஜஸ்ட் ஃபார் யூ’ ஆல்பத்தில் இருக்கிறது. விஷயம் நமக்குப் புதிதல்ல, தேவதாஸ் ரகம். காதலி போய்விட்டாள், மறக்க முடியவில்லை, கையில் மதுக் கோப்பை, அதனிடமே புலம்பல். மெதுவான, கனமான சோகப் பாட்டு. டைமண்ட் நிறுவனத்தை விட்டு விலகிய பிறகு, பேங் ரெக்கார்ட்ஸ் அதில் ஒரு கோரஸைத் தானாகவே சேர்த்து 1968இல் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, விட்டது. பாடியவரிடம் கேட்கவும் இல்லை. 62ஆம் இடத்தோடு கதை முடிந்தது.

டைமண்டைப் பொறுத்தவரை முடிந்தது, அவ்வளவுதான். பாட்டு அதற்குள் அட்லாண்டிக்கைக் கடந்திருந்தது. ஜமைக்காவிலிருந்து பிரிட்டன் வந்து சோல் இசை பாடிக்கொண்டிருந்த ஜிம்மி ஜேம்ஸ் அதைத் தன் வேகபாண்ட்ஸ் குழுவோடு பாடினார். அதுதான் அந்த 36. 1969இல் டோனி டிரைப் என்ற ஜமைக்கப் பாடகர் பாடியபோதுதான் பாட்டின் நடையே மாறியது. டேண்டி லிவிங்ஸ்டன் தயாரித்த அந்தப் பதிவு துள்ளலான தொடக்ககால ரெகே. பட்டியலில் 46ஐத் தாண்டவில்லை. ஆனால் பட்டியல் கணக்கெடுக்காத இடங்களில் அது சுற்றிக்கொண்டிருந்தது. கரீபியக் குடும்பங்களின் வீட்டு விருந்துகள், இளைஞர் மன்றங்கள், தெருமுனைக் கடைகளில் விற்ற பழைய தட்டுகள். பிரிட்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் வெள்ளை, கறுப்பு, ஆசியப் பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்த தெருக்களில் அந்தத் தட்டுகளைக் கேட்டவர்களில் சிலர் பின்னாளில் குழு அமைத்தார்கள். டோனி டிரைப் பாடிய அந்த 46ஆம் இடம் இல்லையென்றால் பின்னால் வந்த இரண்டு முதலிடங்களும் இல்லை. எனக்கு அந்தப் பதிவின் மேல் தனிப் பிரியம் உண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சரி, தாளத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பாட்டின் விதி மாறியது அங்கேதான்.

நான்கு எண்ணிக்கையில் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு கையால் தட்டிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நம் காது முதல் தட்டில், கர்நாடக இசையில் சமம் என்கிறோமே அங்கே, ஓர் அழுத்தத்தை எதிர்பார்க்கும். ராக் இசையும் அங்கே ஒரு குத்து விடும். ரெகே அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. இரண்டில் கிட்டார் ‘சக்’ என்று ஒரு வெட்டு. மூன்றில் டிரம்மின் கனத்த அடி. நான்கில் மறுபடி ‘சக்’. ஒன்று வெறும் காற்று. முதல் அடி விடுபட்டிருப்பதால் இதற்கு ‘ஒன் டிராப்’ என்று பெயர். ரெகே டிரம் வகைகளில் இது ஒன்று, ஆனால் மூலமான ஒன்று. இந்த வெற்றிடத்தில் பேஸ் கிட்டார் நிதானமாக உலாவும். மேற்கத்திய பாப் இசையில் அது பின்னால் நிற்கிற வாத்தியம். ரெகேயிலோ மெட்டே பாதி அதன் கையில்.

சோகப் பாட்டை இந்த நடையில் வைத்தால் என்ன ஆகும்? டைமண்டின் பதிவில் சொல்லும் அழுகிறது, இசையும் அழுகிறது. கேட்பவருக்கு மூச்சுவிட இடமில்லை. ரெகேயில் சொல் அழுகிறது, உடம்பு மட்டும் மெல்ல அசைகிறது. குடித்தவனின் தள்ளாட்டம் தாளத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. காதலில் தோற்றவனின் புலம்பல், நாலு பேர் தோளில் கைபோட்டுச் சேர்ந்து பாடும் பாட்டாகிவிடுகிறது. வரிகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலே.

இனி அந்தக் குழு. யூபி40 என்பது பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகை வாங்கக் கொண்டுபோக வேண்டிய படிவத்தின் எண். 1978 இறுதியில் பர்மிங்காமில் எட்டு இளைஞர்கள் சேர்ந்து குழு தொடங்கியபோது, கையில் என்ன இருந்ததோ அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அலி கேம்பல், ராபின் கேம்பல் சகோதரர்கள் நாட்டார் பாடகர் இயன் கேம்பலின் மகன்கள். மற்றவர்களில் கரீபிய வம்சாவளியினரும் உண்டு, யேமன் வம்சாவளியினரும் உண்டு. அலிக்குப் பதினேழாவது பிறந்தநாளன்று மதுக்கடையில் நடந்த ஒரு தகராறில் முகத்தில் கண்ணாடிக் கோப்பை பட்டுக் காயம். அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில்தான் குழுவின் முதல் வாத்தியங்கள் வாங்கப்பட்டன. மதுவைப் பற்றிய பாட்டால் உலகப் புகழ் பெறப்போகிறவர்களுக்கு மதுக்கடையே முதலீடு கொடுத்த கதை!

அப்போதைய பர்மிங்காம் கார் தொழிற்சாலைகள் தேய்ந்துகொண்டிருந்த ஊர். 1982 தொடக்கத்தில் பிரிட்டனின் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. குழுவின் முதல் ஆல்பம் 1980இல் வந்த ‘சைனிங் ஆஃப்’. உதவித்தொகை வாங்குவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று பொருள். அட்டையே அந்தப் படிவத்தின் நகல். ஒரு தயாரிப்பாளரின் குடியிருப்பிலேயே பதிவு செய்தார்கள். தாள வாத்தியங்களைத் தோட்டத்தில் வைத்து வாசித்ததால் சில இடங்களில் பறவைச் சத்தம்கூடக் கேட்கும். மார்ட்டின் லூதர் கிங், பஞ்சம், மார்கரெட் தாட்சர் எல்லாம் பாட்டுப் பொருள். டட்லியைச் சேர்ந்த கிராஜுவேட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட முதல் சிங்கிளே நான்காம் இடத்துக்கு வந்தது. 1981இல் வேலையின்மையைப் பாடிய ‘ஒன் இன் டென்’ ஏழாம் இடம்.

ஆக, கோபக்காரக் குழு. அது எப்படி மதுக் கோப்பையிடம் புலம்பப் போனது?

அவர்களுடைய எண்ணம் வேறு. சிறுவயதில் தாங்கள் கேட்டு வளர்ந்த ஜமைக்கப் பாடல்களை, பிரிட்டனில் பெரும்பாலானோர் மறந்துவிட்ட பாடல்களை, மறுபடி பாடி ஓர் ஆல்பமாகப் போடுவது. அதுதான் 1983இல் வந்த ‘லேபர் ஆஃப் லவ்’. எரிக் டொனால்ட்சனின் ‘செர்ரி ஓ பேபி’, ஜிம்மி கிளிஃபின் ‘மெனி ரிவர்ஸ் டு கிராஸ்’, மெலோடியன்ஸின் ‘ஸ்வீட் சென்சேஷன்’ என்று பட்டியல் போகும். ஒரு பாட்டை மறுபடி பாடி விற்றால் எழுதியவருக்குப் பணம் போகும். அறுபது, எழுபதுகளில் ஜமைக்கப் பாடகர்கள் பலர் சொற்பத் தொகைக்குப் பாட்டை விற்றுவிட்டு வெறுங்கையோடு நின்றவர்கள். அப்படிப்பட்டவர்கள் பக்கம் கொஞ்சம் கவனமும் கொஞ்சம் காசும் திரும்பினால் நல்லதுதானே.

அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிளுக்குத் தேர்ந்தெடுத்தது, டோனி டிரைப் பாடிக் கேட்டிருந்த ‘ரெட் ரெட் வைன்’. தட்டில் எழுத்தாளர் பெயர் ‘என். டைமண்ட்’ என்று இருந்தது. அது நீகஸ் டைமண்ட் என்ற ஜமைக்கக்காரர் என்றே நினைத்தோம் என்று குழுவின் ஆஸ்ட்ரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீகஸ் என்பது எத்தியோப்பிய அரசரைக் குறிக்கும் சொல். ராஸ்தாஃபாரி என்ற ஜமைக்கச் சமய மரபில் புழங்கும் பெயர். தவறாக யூகித்ததிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது பாருங்கள். ஜமைக்க எழுத்தாளர்களுக்கு மரியாதை செய்யக் கிளம்பிய ஆல்பத்தின் மிகப் பெரிய பாட்டு, ஏற்கெனவே உலக நட்சத்திரமாகிவிட்ட புரூக்ளின்காரருடையது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பணம் எந்தத் திசையில் ஓடியது என்பதைப் பார்க்கும்போது இந்த வேடிக்கை இன்னும் கூடும்.

1983 செப்டம்பரில் பாட்டு பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கியது கல்ச்சர் கிளப்பின் ‘கர்மா கெமீலியன்’. ஆல்பமும் முதலிடம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பட்டியல் முழுக்க முழுக்கக் கடை விற்பனையை வைத்துத் தயாரானது. வானொலி ஒலிபரப்புக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அந்த ஜனவரியில்தான் கணக்கெடுக்கும் பொறுப்பு காலப் நிறுவனத்துக்கு மாறி, கடைகளிலேயே கருவி வைத்து விற்பனையைப் பதியத் தொடங்கியிருந்தார்கள். ஜனங்கள் கடைக்குப் போய் வாங்கினால் பாட்டு மேலே ஏறும். பிரிட்டனில் ரெகேயை வாங்க ஆளும் இருந்தது. 1969இலேயே டெஸ்மண்ட் டெக்கரின் ‘இஸ்ரேலைட்ஸ்’ முதலிடம் பிடித்த நாடு அது. 1982இல் மியூசிக்கல் யூத் என்ற பள்ளிப் பையன்களின் குழு ‘பாஸ் தி டச்சி’யோடு முதலிடம் வந்தது. அவர்களும் பர்மிங்காம்காரர்கள்தான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பில்போர்டு ஹாட் 100 பட்டியல் கடை விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதுவும் 1991இல் கணினி முறை வரும் வரை, கடைக்காரர்களும் வானொலி நிலையங்களும் அனுப்பும் அறிக்கைகளை வைத்துத்தான் போட்டார்கள். இந்தப் பாட்டு நன்றாகப் போகிறது என்று அவர்கள் சொன்னால் போகிறது, அவ்வளவுதான். வானொலி எடுக்காத பாட்டுக்கு அங்கே வழியில்லை. வானொலிகளோ வகைவகையாகப் பிரிந்து கிடந்தன. கறுப்பின வானொலிகளுக்கு ரெகே வெளியூர்ச் சரக்கு. வெள்ளை ராக் வானொலிகளுக்கு அது வேறு யாருடையதோ. நடுவில் விழுந்தது ரெகே. உலகமே கொண்டாடும் பாப் மார்லி உயிரோடிருந்த காலத்தில் ஹாட் 100இல் எட்டிய உச்சம் 1976இல் 51ஆம் இடம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறதல்லவா? அந்தச் சுவரில்தான் யூபி40இன் பாட்டும் 1984இல் 34இல் முட்டி நின்றது. மார்லியைவிட மேலே போனது என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சின்ன விவரம். சிங்கிளாக வந்த சுருக்க வடிவம் மூன்று நிமிடம். ஆல்பத்தில் இருந்த முழு வடிவம் ஐந்து நிமிடத்துக்கு மேல். அதில் பின்பாதியில் ஆஸ்ட்ரோ ‘டோஸ்டிங்’ செய்வார். தாளத்தின் மேல் பேச்சும் பாட்டுமாக அடுக்கிக்கொண்டே போகும் ஜமைக்க வழக்கம் அது. ராப் இசைக்கு அண்ணன் முறை. 1984இல் அமெரிக்க வானொலிக் காதுக்கு அது அந்நியம் என்று எண்ணியிருக்கலாம். 1988இல் ராப் அங்கே வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. இந்த முறை அமெரிக்க வானொலிகளில் ஓடியது டோஸ்டிங் உள்ள நீண்ட வடிவம். எனவே ‘ஒரே பதிவு’ என்று நான் மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: பதிவு ஒன்றுதான், ஜனங்கள் கேட்ட நீளம் மாறிவிட்டது.

1988 ஜூன் 11. லண்டன் வெம்ப்லி அரங்கில், அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாளுக்காக மாபெரும் இசை நிகழ்ச்சி. 67 நாடுகளில் ஒளிபரப்பானது. ஏறத்தாழ 60 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அரசியல் பேச்சுகளை வெட்டிவிட்டுக் காட்டியது தனிக் கதை. யூபி40 அந்த மேடையில் ஏறியது. 1986இலேயே நிறவெறிக்கு எதிரான ‘சிங் அவர் ஓன் சாங்’ பாடலைப் பிரிட்டனில் ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுபோன குழு என்பதால் அங்கே நிற்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த மேடைக்குப் பிறகு அமெரிக்காவில் எழுந்து நடந்தது நிறவெறி எதிர்ப்புப் பாட்டல்ல, மதுப் பாட்டு.

சரியாக அந்தச் சமயத்தில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கே-இசட்-இசட்-பி வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கை சபோலியன் அந்தப் பழைய பாட்டை எடுத்துப் புதுப் பாட்டுகளோடு சேர்த்து ஓடவிட்டார். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த ஊர் நிலையங்கள் பார்த்தன, அவையும் ஓட்டின. அமெரிக்காவில் யூபி40இன் பதிவுகளை வெளியிட்ட ஏ அண்ட் எம் நிறுவனம் அப்போது அவர்களுடைய புது ஆல்பத்தை விற்க வேண்டியிருந்தது. பாடகி கிரிஸ்ஸி ஹைண்டோடு பாடிய ‘பிரேக்ஃபாஸ்ட் இன் பெட்’ பிரிட்டனில் ஆறாம் இடம் வந்திருந்தது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்ததும் நிறுவனம் ஐந்து வருடப் பழைய பாட்டின் பின்னால் நின்றது. 1988 அக்டோபர் 15, ஹாட் 100 முதலிடம். ஒரே ஒரு வாரம்.

இது ஏதோ அதிசயமாக ஒரு தடவை நடந்ததல்ல. அந்தக் காலத்து அமெரிக்க நிலையப் பொறுப்பாளர்களிடம் ‘முன்பு தவறவிட்ட நல்ல பாட்டு’ என்று தேடி எடுக்கும் பழக்கம் ஒன்று பரவியது. இதே பாணியில் ஷெரிஃப் என்ற கனடியக் குழுவின் ‘வென் ஐம் வித் யூ’ பல வருடத் தூக்கத்துக்குப் பின் 1989 பிப்ரவரியில் முதலிடம் வந்தது. அப்போது அந்தக் குழு கலைந்தே போயிருந்தது! வானொலிப் பொறுப்பாளர் ஒருவரின் நினைவாற்றலும் பிடிவாதமும் பட்டியலை ஆட்டிப் பார்க்கக்கூடிய கடைசிக் காலம் அது என்று நினைக்கிறேன். பின்னாளில் நிலையங்கள் பெருநிறுவனங்கள் கைக்குப் போய், என்ன ஓட வேண்டும் என்பதைத் தலைமையகமே தீர்மானிப்பது வழக்கமானது.

அந்த 1988 இலையுதிர்காலப் பட்டியலே வேடிக்கையானது. செப்டம்பர் கடைசியில் முதலிடத்தில் இருந்தது பாபி மெக்ஃபெரினின் ‘டோண்ட் வொரி, பி ஹாப்பி’. அதில் கரீபிய வாடை தூக்கலாக இருப்பதால் அது பாப் மார்லி பாடியது என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. மார்லி இறந்தது 1981இல். ‘ரெட் ரெட் வைன்’ இறங்கிய வாரம் மேலே ஏறியது ஃபில் காலின்ஸின் ‘குரூவி கைண்ட் ஆஃப் லவ்’. அதுவும் அறுபதுகளின் பழைய பாட்டு, மறுபடி பாடியதுதான். முப்பது, நாற்பது வயதைத் தொட்டுவிட்ட தலைமுறையின் பழைய ஞாபகங்களுக்கு நல்ல விலை கிடைத்த பருவம் அது.

இப்போது பணத்துக்கு வருவோம். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் பகுதி இது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று எழுதியவருடைய பாட்டு: வரியும் மெட்டும். இன்னொன்று பாடிப் பதிந்தவர்களுடைய ஒலிப்பதிவு. தட்டு விற்றால் இரண்டு பக்கமும் பணம் போகும். வானொலியில் ஒலித்தால்? பிரிட்டனில் இரண்டு பக்கமும் போகும். அமெரிக்காவிலோ சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலிகள் எழுதியவருக்கு மட்டும்தான் கட்டணம் செலுத்துகின்றன. பாடியவருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் ஒரு காசும் கிடையாது. வானொலியில் ஒலிப்பதே உங்களுக்கு விளம்பரம்தானே என்பது அங்கத்திய வாதம். மற்ற முன்னேறிய நாடுகளில் பெரும்பாலும் இப்படி இல்லை.

அப்படியானால் 1988இல் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஃபீனிக்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்க அந்தப் பாட்டு ஒலித்த ஒவ்வொரு தடவையும் எழுத்தாளர் நீல் டைமண்டின் கணக்கில் ஏதோ ஒரு சிறு தொகை விழுந்தது. தாளத்தை மாற்றிய டோனி டிரைப்புக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் நடையை மாற்றுவதற்குச் சட்டத்தில் பங்கு கிடையாது. பாடிய யூபி40க்கும் வானொலியிலிருந்து ஒன்றுமில்லை. அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் வாங்கினவர்களால்தான் வருமானம். பாட்டை எழுதாமல், அதன் இதயத்துடிப்பை மட்டும் மாற்றியவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ரெகேயைப் போல நடையே உயிராக இருக்கும் இசைக்கு இது பெரிய இழப்பு.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 1974இல் எரிக் கிளாப்டன் பாப் மார்லியின் ‘ஐ ஷாட் தி ஷெரிஃப்’ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். அங்கே எழுத்தாளர் ஜமைக்கர் என்பதால் பணமும் பெயரும் ஜமைக்காவுக்குப் போயின. தன் குரலில் 51ஐத் தாண்டாத மார்லி, இன்னொருவர் குரலில் 1ஐத் தொட்டார்.

அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போன ரெகே பாப் பாட்டுகளை வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 1972இல் ஜானி நேஷ், டெக்சாஸ்காரர். 1974இல் கிளாப்டன், ஆங்கிலேயர். 1981இல் பிளாண்டி, நியூயார்க் குழு; பாடியது ஜமைக்காவின் பேரகன்ஸ் குழுவுடைய ‘தி டைட் இஸ் ஹை’. 1988இல் யூபி40. 1990இல் மேக்சி பிரீஸ்ட், லண்டனில் பிறந்த ஜமைக்க வம்சாவளியினர். 1993இல் ஸ்னோ, டொராண்டோவின் வெள்ளைக்காரப் பையன். அதே வருடம் மறுபடி யூபி40, இம்முறை ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ பாடி ஏழு வாரம். 2014இல் மேஜிக்!, கனடியக் குழு, ‘ரூட்’ பாடி ஆறு வாரம். 2015இல் ஓமியின் ‘சியர்லீடர்’. ஓமி ஜமைக்கர்தான், ஆனால் 2012இல் ரெகேயாக வந்த அந்தப் பாட்டை ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் யேன் நடனக்கூட இசையாக மாற்றிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஜமைக்காவிலிருந்து நேரடியாக உச்சிக்குப் போன ஈனி கமோஸி, ஷாகி போன்றவர்களும் உண்டு. அவர்கள் தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் வந்தவர்கள்.

இதை வைத்து யூபி40ஐத் திருடர்கள் என்று சொல்லிவிடலாமா? சொன்னவர்கள் இருக்கிறார்கள். ரெகேயின் கூர்மையை மழுக்கிச் சர்க்கரைப் பாகாக்கிவிட்டார்கள் என்று தூய்மைவாதிகள் திட்டினார்கள். ‘லேபர் ஆஃப் லவ்’க்குப் பிறகு அதே பாணியில் இரண்டு, மூன்று என்று தொடர்ந்ததைப் பார்த்தால் அந்தத் திட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு, ‘ஒன் இன் டென்’ பாடியவர்களா இவர்கள் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இவர்கள் வெளியிலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போனவர்களல்ல. அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர்கள். குழுவில் சிலர் அந்த இசைக்கு உரிய குடும்பங்களின் பிள்ளைகள். பர்மிங்காமில் ரெகே எல்லாருடைய வீட்டுக்குள்ளும் புழங்கிய இசை. அதே ஊரின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர்தான் அப்பாச்சி இந்தியன். அவரை ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் ‘நோ ப்ராப்ளம்’ பாடவைத்தபோது, பர்மிங்காம் ரெகேயின் ஒரு கிளை 1996இல் தமிழ்ப் படத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

வெற்றிக்குப் பின் நடந்தவை அவ்வளவு இனிமையல்ல. ‘லேபர் ஆஃப் லவ்’ ஒலியை வடிவமைத்த ரே ஃபால்கனர், குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஏர்ல் ஃபால்கனரின் சகோதரர், 1987இல் கார் விபத்தில் இறந்துபோனார். அமெரிக்க முதலிடத்தை அவர் பார்க்கவில்லை. 2008இல் நிர்வாகம், பணம் குறித்த சச்சரவில் அலி கேம்பல் வெளியேறினார். 2011இல் குழுவின் சொந்த நிறுவனக் கடன் தொடர்பாக உறுப்பினர்கள் நால்வர் திவாலானவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். வேலையில்லாதோர் படிவத்தைப் பெயராகக் கொண்டு கிளம்பி, கோடிக்கணக்கில் தட்டுகள் விற்ற குழு. பெயர் யாருக்கு என்ற வழக்கும் வந்தது. இரண்டு அணிகள் தனித்தனியாக மேடை ஏறின, இரண்டும் அந்தப் பாட்டைப் பாடின. சாக்சஃபோன் வாசித்த பிரையன் டிராவர்ஸும் டோஸ்டிங் செய்த ஆஸ்ட்ரோவும் 2021இல் சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

நீல் டைமண்டோ அந்தப் பாட்டைப் பின்னாளில் தன் கச்சேரிகளில் ரெகேயாகவே பாடத் தொடங்கினார். 1967இல் தானே எழுதித் தானே பாடிய சோக நடையை விட்டுவிட்டு, பர்மிங்காம்காரர்களின் நடைக்கு மாறிக்கொண்டார். 2022இல் தன் பாடல் உரிமைகளை யூனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். இப்போது ஏதோ ஓர் அமெரிக்க வானொலி யூபி40இன் ‘ரெட் ரெட் வைன்’ ஒலிபரப்பினால் கட்டணம் அங்கே போய்ச் சேரும்.